வன்னியில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம்: பழைய மோட்டார் வண்டியின் பெறுமதி

பழைய பொருளைப் பேணுதல் நாகரிகம் முதிர்ந்த மக்களின் இயல்புகளுள் ஒன்று. ஏடும் செப்பேடும் நாணயமும் படிமமும் முன்னோர் வாழ்வை அறிவித்தல் போல, இயந்திர யுகத்தின் இயல்பை அறிவிப்பன அக்காலத்து இயந்திரங்கள். அவற்றுள் மோட்டார் வண்டிக்குத் தனியிடம் உண்டு. மணமக்களையும் நோயாளியையும் ஒரே இருக்கையில் ஏற்றிச் சென்ற பொருள் அது. ஆதலின் பழைய வண்டிகளைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளிலும் பெருகியுள்ளனர். 1966 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பழம் வாகனங்களின் சர்வதேசச் சம்மேளனம், முப்பது ஆண்டுக்குக் குறையாத அகவையுடையதாய், வரலாற்றுக்கு ஒத்த நிலையிற் பேணப்படுவதாய், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாய் உள்ள வண்டியையே வரலாற்று வண்டி என வரையறுக்கின்றது.

சேர்ப்போர் ஒரு வண்டியை மதிப்பிடுகையில் மூன்று வினாக்களை எழுப்புவர். அவ்வகை வண்டி எத்தனை செய்யப்பட்டது என்பது முதலாவது. தொழிற்சாலையிற் பொருத்திய இயந்திரமும் உறுப்புக்களுமே இன்றும் அதில் உள்ளனவா என்பது இரண்டாவது. எவரெவர் கையில் அது இருந்தது என்பது மூன்றாவது. இவற்றை முறையே அருமை, மூலத்தன்மை, வழிவரலாறு எனலாம். இம்மூன்று அளவுகோல்களும் வன்னிப் பெருநிலத்து வண்டிகளுக்கு எத்துணைப் பொருந்தும் என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முன், இவ்வளவுகோல்கள் முழுமையாகப் பொருந்துவனவாகக் கருதப்படும் இரண்டு ஜேர்மன் வண்டிகளை நோக்குதல் நன்று.

ஜேர்மனியின் இரு வண்டிகள்

மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்., பி.எம்.டபிள்யூ. 507 என்பன இரண்டாம் உலகப் போரின் அழிவிலிருந்து ஜேர்மனி எழுந்த காலத்திற் பிறந்த விளையாட்டு வண்டிகள். அமெரிக்கச் செல்வரிடம் இத்தகைய வண்டிகள் விலைபோகும் என இரு நிறுவனங்களையும் தூண்டியவர் நியூயோர்க்கில் ஐரோப்பிய வண்டிகளை இறக்குமதி செய்த மக்ஸ் ஹொப்மன் என்னும் ஒருவரே.

300 எஸ்.எல். 1954 பெப்ரவரியில் நியூயோர்க் கண்காட்சியிற் காட்சிக்கு வந்தது. மெல்லிய உருக்குக் குழாய்களை முக்கோணங்களாகப் பிணைத்த கூடு அதன் எலும்புச் சட்டம். அக்கூடு பக்கங்களில் உயர்ந்து நின்றமையால் வழக்கமான கதவு வைக்க இடமில்லாது போயிற்று. ஆகவே கதவுகளைக் கூரையிற் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கச் செய்தனர். கடற்பறவை சிறகு விரித்தாற்போன்ற அத்தோற்றமே பின்னர் அதன் பெயருக்கும் புகழுக்கும் காரணமாயிற்று. கண்ணுக்கு அலங்காரமாகத் தோன்றுவது உண்மையில் ஓர் இடர்ப்பாட்டுக்குக் கண்ட தீர்வேயாம். அதன் 3 லீற்றர் இயந்திரத்துக்குப் பெற்றோலை நேரே சிலிண்டருக்குட் பீச்சும் முறை அமைந்தது. 1957 வரை 1,400 மூடுவண்டிகளும், அதன்பின் 1963 வரை 1,858 திறந்த வண்டிகளும் செய்யப்பட்டன.

பி.எம்.டபிள்யூ. 507 வேறோர் இயல்பினது. அல்பிறெக்ற் கோர்ட்ஸ் என்னும் கலைஞர் வரைந்த வடிவம். அலுமினியத் தகட்டைக் கையால் அடித்து உருவாக்கிய உடல். எட்டுச் சிலிண்டர் கொண்ட 3.2 லீற்றர் இயந்திரம். கையால் அடித்த உடலாதலின் ஒன்றின் கூரை மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை என்பர். 5,000 டொலருக்கு விற்க எண்ணிய வண்டியின் விலை அதன் இருமடங்கையும் தாண்டிற்று. வாங்குவோர் அருகினர், 1956 முதல் 1959 வரை 252 வண்டிகளே செய்யப்பட்டன. அதனால் நிறுவனம் பெரும் நட்டமடைந்தது. அன்று நட்டத்துக்குக் காரணமான அதே எண் இன்று அதன் விலைக்குக் காரணமாக நிற்கின்றது.

இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பொதுவாக அமைப்பின் புதுமைக்கு முன்னதையும், அருமைக்கும் வடிவழகுக்கும் பின்னதையும் தேர்வர். ஆயின் மூலத்தன்மை என்னும் அளவுகோல் இவற்றிலும் எளிதிற் பொருந்துவதன்று. பாடகர் எல்விஸ் பிறெஸ்லி அமெரிக்கப் படையினராக ஜேர்மனியிற் பணியாற்றிய காலத்தில் ஒரு 507ஐ வைத்திருந்தார். பின்னர் அமெரிக்காவில் அதன் இயந்திரம் நீக்கப்பட்டு வேறு நிறுவனத்தின் இயந்திரம் பொருத்தப்பட்டது. பல்லாண்டு மறைந்து கிடந்து கண்டெடுக்கப்பட்ட அவ்வண்டியை அந்நிறுவனமே ஏறக்குறைய இரண்டாண்டு உழைத்துப் புதுக்கி, 2016 ஓகஸ்ற்றில் மக்கள் முன் வைத்தது. இயந்திரம் உதிரி உறுப்புக்களைக்கொண்டு மீளக் கட்டப்பட்டது. கிடைக்காத உறுப்புக்கள் சில புதிதாகச் செய்யப்பட்டன. இன்று அது எல்விசின் வண்டியே என எவரும் ஐயுறார். எனவே உறுப்புக்கள் மாறினும் வண்டியின் தன்மை மாறாதிருத்தல் கூடும் என்பதைச் சேர்ப்போர் உலகமே ஒப்புக்கொள்கின்றது எனலாம். இந்த ஒப்புதலை மனத்திற் கொண்டு வன்னிக்கு வருவோம்.

வன்னி வீதிகள் கண்ட வண்டிகள்

மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் ஆண்ட வன்னியில் விளையாட்டு வண்டிக்கு வேலையில்லை. குளக்கட்டுக்களிலும் கிரவற் பாதைகளிலும் ஓடவல்லதாய், குடும்பத்தோடு மூட்டையும் சுமப்பதாய் உள்ள வண்டியே அங்கு வேண்டப்பட்டது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆசிரியரும் வைத்தியரும் வணிகரும் வைத்திருந்த வண்டிகளுள்ளும், சந்திகளில் நின்ற வாடகைக் கார்களுள்ளும் இரண்டு பெயர்கள் முன்னின்றன. ஒன்று மொறிஸ் மைனர். மற்றது ஒஸ்ரின் ஏ 40. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் குடும்பத்தை ஏற்றிச் சென்றனவும், நள்ளிரவிற் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்கு ஓடியனவும் இத்தகைய வண்டிகளே.

இவை நெடுங்காலம் நிலைத்தமைக்கு முதற் காரணம் அரசின் பொருளாதாரக் கொள்கை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் தாராள இறக்குமதிக் கொள்கை வரும்வரை, ஏலவே நாட்டில் இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. பதினைந்தாண்டுக்கு மேல் நீடித்த அந்நிலை ஒரு தலைமுறைக் கராஜ்காரரைப் பயிற்றிவிட்டது. அப்பயிற்சி பின்னர் எத்துணைக் கொடிய காலத்திற் பயன்படப் போகின்றதென அன்று எவரும் அறிந்திலர்.

இவ்வண்டிகளின் இலக்கத் தகடே ஒரு வரலாற்று ஆவணம். பழைய வண்டிகள் சிலோன் என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களிலிருந்து எடுத்த சீ.என்., ஈ.எல்., ஈ.வை. முதலிய குறிகளைத் தாங்கின. 1957 முதல் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறிக்கப்பட்ட தகடு புகுத்தப்பட்டமையும், தமிழர் பகுதிகளில் ஸ்ரீ எதிர்ப்பு இயக்கம் எழுந்தமையும் யாவரும் அறிந்தனவே. ஆதலின் ஒரு வண்டி தாங்கும் குறியைக்கொண்டு அது பதிவான காலத்தை உய்த்துணரலாம்.

அமைப்பொப்புமை

மொறிஸ் மைனரை வகுத்தவர் சேர் அலெக் இசிகோனிஸ். 1906 இல் ஸ்மேர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர் இவர். பின்னாளில் மினி வண்டியையும் வகுத்தவர். 1948 ஒக்ரோபரில் இலண்டன் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. அது அச்சேறுமுன் நிகழ்ந்த செய்தியொன்று சுவையானது. மாதிரி வண்டி ஒடுங்கியதாகத் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அகலமே தக்கதென இசிகோனிஸ் முடிவு செய்தார். மூடியின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அவ்விணைப்பின் அடையாளமாக இறுதிவரை நின்றது. நிறுவனத் தலைவர் நபீல்ட் பிரபு அதன் உருவைக் கண்டு அவித்த முட்டையென இகழ்ந்தார். எனினும் 1960 டிசெம்பரிற் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானிய வண்டிகளுள் அவ்வெண்ணை முதலில் எட்டியது அதுவே. 1971 இல் உற்பத்தி நிறுத்தப்படுமுன் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன.

ஒஸ்ரின் ஏ 40 ஒரு குடும்பப் பெயர். 1947 இல் டெவன் என்னும் வகை வந்தது. 1952 இல் உருண்டு திரண்ட உடல்கொண்ட சோமசெற் அதன் இடத்தைப் பெற்றது. 1954 இல் கேம்பிரிட்ஜ் தொடர்ந்தது. ஈண்டு ஒப்பிடப்படுவது சோமசெற் ஆகும். பேமிங்ஹாமை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1954 வரை செய்யப்பட்டவை ஏறக்குறைய 173,000. எண்ணை மட்டும் நோக்கின், மைனருக்கு ஒன்பதில் ஒரு பங்கே சோமசெற்.

இரண்டின் உடலமைப்பும் வேறு. மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை. உடலே சட்டமாய் நின்று பாரந் தாங்குகின்றது. அதனால் அது எடை குறைந்தது. சிறிய இயந்திரத்தால் இழுக்கப்படத் தக்கது. முறுக்குக் கம்பிகளே அதன் முன் சில்லுகளுக்கு வில்லாகும். பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட திருப்புமுறையால் அது சொன்ன சொற் கேட்டுத் திரும்பும். ஆயின் அடித்தளத்திற் கறல் ஏறின், அழிவது அழகு மட்டுமன்று. வண்டியின் முதுகெலும்பே அழியும். முன் சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிடின், ஒருநாட் சில்லு சரிந்து வண்டி வீதியில் அமர்ந்துவிடும்.

சோமசெற்றுக்கோ உருக்குச் சட்டம் தனியே உண்டு. உடல் அதன் மேல் ஏற்றி வைத்த கூடு. உடலிற் கறல் ஏறினும், அடிபட்டு நெளிந்தாலும், சட்டம் நேராக உள்ளவரை வண்டி ஓடும். ஓட்டைக்குத் தகடு வைத்து ஒட்டிக்கொள்ளலாம். கியர்த் தண்டு திருப்புசில்லின் கீழே அமைந்தமையால் முன் இருக்கையில் மூவர் அமர இடம் உண்டு. வாடகைக் காருக்கு இது பெரும் பேறு. திருப்புதல் மைனர்போல் இலகுவன்று. எரிபொருளும் கூடுதலாகக் கேட்கும். மைனர் ஒரு சிறு குடும்பத்தின் சிக்கனத்துக்கும், சோமசெற் ஊரின் பாரத்துக்கும் ஏற்றவை எனச் சுருங்கக் கூறலாம்.

இவற்றின் இயந்திரங்களுக்கிடையே எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் இணைந்து ஒரு கூட்டுத்தாபனமாயின. அதன் பின் மைனருக்குத் தன் பழைய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம் நீங்கி, ஒஸ்ரினின் சிறு வண்டிக்கென வகுத்த 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் வந்து சேர்ந்தது. அவ்வினத்து இயந்திரம் 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1,098 ஆகவும் வளர்ந்தது. மினி வண்டியில் 2000 ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. எனவே மொறிசின் மார்பில் ஒஸ்ரினின் இதயமே துடித்தது. தொழிற்சாலையே ஒன்றன் இயந்திரத்தை மற்றொன்றுக்கு இட்டிருக்க, வன்னிக் கராஜில் நிகழ்ந்த மாற்றத்தை மட்டும் குறையெனக் கூறுதல் பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் முதலியன தடைப்பட்ட பொருள்களுள் அடங்கின. கண்டி வீதி அடைபட்டது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையம் ஒன்று, அங்குள்ள பழைய மைனர்களுக்கு வேண்டிய உறுப்புக்களைச் செய்விக்க இலங்கையின் தென்பகுதியில் ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கியது. இத்தீவின் ஒரு முனையிற் செய்த மைனரின் உறுப்புக்கள் கடல் கடந்து சென்ற அதே காலத்தில், மறுமுனையில் உள்ள மைனருக்கு ஓர் உறுப்பும் வர வழியில்லாதிருந்தது. பெற்றோல் கிடையாமையால் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இது எவ்வாறு இயன்றதென அறிதல் வேண்டும். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாவது. மண்ணெண்ணெய் ஆவியாதற்கு மிக்க வெப்பம் வேண்டும். குளிர்ந்த இயந்திரத்துள் மண்ணெண்ணெய் துளிகளாகவே நிற்குமாதலின் தீப்பற்றாது. எனவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயை விடுவர். அச்சில துளியும் பொன்போற் பேணப்பட்டது. மண்ணெண்ணெயோடு சிறிது மரக்கறி எண்ணெய் கலப்பதும் வழக்கிலிருந்தது.

இம்முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. போருக்குப் பிந்திய பிரித்தானியாவிற் பேர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை, பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு நிகரான மலிந்த எண்ணெய்க்கு மாற்றி ஓட்டுமாறு 1949 முதல் செய்யப்பட்டது. அதன் எண்ணெய்த் தொட்டி பெற்றோலுக்கெனச் சிறிதும், மற்றதற்கெனப் பெரிதுமாக இரு அறைப்பட்டது. மேலைநாட்டுப் பொறியியலாளர் வரைபலகையிற் கண்ட அதே தீர்வை வன்னியின் கராஜ்காரர் இல்லாமையிற் கண்டனர்.

எல்லா வண்டியும் இதற்கு இயையா. மண்ணெண்ணெய் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. உரிய கணத்துக்கு முன் வெடித்து இயந்திரத்தைத் தட்டச் செய்யும். சோமசெற்றின் அழுத்த விகிதம் 7.2, 803 இயந்திரம் கொண்ட மைனருக்கும் அதுவே, பழைய 918 மைனருக்கு 7க்கும் குறைவு. பின்வந்த 948 மைனரிற் பெரும்பாலும் அது 8.3 ஆக உயர்ந்தது. 300 எஸ்.எல்.லுக்கு 8.55; இக்காலத்து வண்டிகள் பலவற்றுக்கு 10உம் அதற்கு மேலும். எனவே வண்டி எத்துணைப் பழையதோ அத்துணை அது மண்ணெண்ணெய்க்கு ஏற்றதாயிற்று. சந்தையிற் குறையெனப்பட்ட முதுமை, தடைக்காலத்திற் சிறப்பாக மாறியது.

வேறு இயல்புகளும் துணைநின்றன. இவ்விரு வண்டிகளிலும் காற்று உட்புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் உள்ளன. சுடுபுகைக் குழாயின் வெப்பம் மேலுள்ள காபுரேற்றரை எட்டி, எண்ணெய் ஆவியாக உதவும். மைனரின் காபுரேற்றரிற் கீழேயுள்ள திருகைச் சுழற்றி எரிபொருளின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலும். சோமசெற்றின் காபுரேற்றரோ அளவு மாறாத துளை உடையது. அளவை மாற்ற வேண்டின் துளையையே மாற்ற வேண்டும். இரண்டிலும் பற்றரி இன்றியே இயந்திரத்தை முடுக்குதற்கு முன்புறத்திற் கைபிடி செருகிச் சுழற்றும் வசதி இருந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட நாட்டில் இதனினும் சிறந்த அணிகலன் ஒரு வண்டிக்கு உண்டோ?

இதற்கு இயந்திரம் கொடுத்த விலையும் பெரிது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, இயந்திர எண்ணெயை நீராக்கும். தாங்கிகள் தேயும், பொறிக்கட்டையிற் கரி படியும், வெண்புகை எழும். விந்தை யாதெனின், 300 எஸ்.எல்.லுக்கும் இந்நோய் உண்டு. இயந்திரத்தை நிறுத்தும்போது எண்ணெய் பீச்சும் பம்பி இறுதிச் சுழற்சி வரை பெற்றோலைப் பீச்சிக்கொண்டிருக்கும். அப்பெற்றோல் வழிந்து இயந்திர எண்ணெயோடு கலக்கும். ஆகவே அதன் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். ஸ்ருட்காட் நகரின் செல்வ வண்டியும் புதுக்குடியிருப்பின் வாடகைக் காரும் ஒரே பிணிக்கு ஆளாயின. ஒன்றின் பிணிக்குப் புதிய எண்ணெய் மருந்தாயிற்று. மற்றதற்கு எண்ணெயும் அரிதாயிற்று.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோதும், 1996 இற் கிளிநொச்சி மக்கள் அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் விசுவமடுவுக்கும் சிதறியபோதும், ஓடக்கூடிய வண்டி ஒவ்வொன்றும் பல குடும்பங்களின் வாழ்வாயிற்று. 2002 ஏப்ரலிற் கண்டி வீதி திறக்கப்பட்டபின் பெற்றோல் வந்தது. யப்பானிய வண்டிகளும் வந்தன. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் அடைபட்டது. 2009 இல் மக்கள் கிளிநொச்சியிலிருந்து பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனப் பெயர்ந்து முள்ளிவாய்க்காலை அடைந்தனர். போர் ஓய்ந்தபின் அக்கடற்கரையில் எரிந்த பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் குவியல் குவியலாகக் கிடந்தன. பின்னர் பழைய இரும்பாக அகற்றப்பட்டன. அக்குவியல்களில் வண்டிகளோடு ஒரு தொழினுட்ப வரலாறும் எரிந்தது எனல் மிகையாகாது.

அளவுகோல்களை மீள நோக்கல்

இனி, முதலிற் கூறிய மூன்று அளவுகோல்களையும் மீள எடுத்து நோக்குவோம். அருமை என்பது தொழிற்சாலை செய்த எண்ணாயின், 16 இலட்சத்தில் ஒன்றாகிய மைனருக்கு மதிப்பு இல்லை. ஆயின் எஞ்சிய எண்ணே அருமையாயின், தடையையும் இடப்பெயர்வையும் கடந்து நிற்கும் வன்னி மைனர் 252 இல் ஒன்றாகிய 507க்குக் குறைந்ததன்று. 507 சிலராற் பேணப்பட்டமையால் எஞ்சியது. வன்னி வண்டி பலராற் பயன்படுத்தப்பட்டும் எஞ்சியது. இரண்டாவதே கடினம்.

மூலத்தன்மை என்னும் அளவுகோலைக் கோயிலோடு ஒப்பிட்டு நோக்கலாம். பன்னீராண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்காற்றும் கோயிலில் வண்ணமும் சுதையும் கதவும் மாறுகின்றன. கோயில் மாறிற்றென எவரும் கூறுவதில்லை. மாறாது கிடப்பது பாழடைந்த கோயிலே. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் உறுப்பு மாற்றமும் இத்தகையதே. சர்வதேசச் சம்மேளனத்தின் துறின் பட்டயமும், பயன்பாட்டுக் காலத்தில் ஒரு வண்டியிற் படிந்த அடையாளங்களை அதன் வரலாற்றின் கூறாக மதிக்கும் நோக்குடையது. அந்நெறிப்படி, மண்ணெண்ணெய்க்காகப் பொருத்திய சிறு பெற்றோற் புட்டியும், மாற்றிய துளையும், தகரம் வெட்டி ஒட்டிய தளமும் வழு ஆகா, அவை சான்றுகள்.

வழிவரலாறு என்னும் அளவுகோலுக்கு எழுத்துச் சான்று வேண்டும். வன்னி வண்டிகளுக்குப் பெருங்குறை இதுவே. இடப்பெயர்விற் பதிவுப் புத்தகத்தை இழந்தோர் பலர். எழுதப்படாத வரலாறு ஓட்டுநரின் நினைவிலும் கராஜ்காரரின் கையிலும் மட்டுமே தங்கியுள்ளது. அவர்களோ முதுமை எய்திவிட்டனர்.

மைனரையும் சோமசெற்றையும் இன்று பேண எண்ணுவோர் எதனைத் தெரிதல் வேண்டும் என்ற வினாவுக்கும் விடை கூறுதல் வேண்டும். ஓட்டிப் பேண விரும்புவோர்க்கு மைனரே ஏற்றது. அதன் உறுப்புக்கள் இன்றும் பிறநாட்டிற் செய்யப்படுகின்றன. இயந்திரத்தின் இனம் அண்மைக் காலம்வரை வாழ்ந்தது. வாங்குமுன் அடித்தளத்தையும் முன் மூட்டையும் நன்கு சோதித்தல் வேண்டும். சோமசெற் உறுப்புக் கிடைத்தற்கு அரியது. ஆயின் சட்டம் உறுதியாக இருப்பின் பழுதுகளோடே நெடுங்காலம் நிற்கும். காலத்தின் சான்றாகப் பேணுதற்கு அதுவே சிறந்தது.

செய்யத்தக்கன

2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. விலை ஏறுந்தோறும் வண்டி ஊரை விட்டு நீங்குதலும், புதுக்குவோர் கையில் அதன் அடையாளங்கள் களையப்படுதலும் இயல்பு. பளபளக்கும் வண்ணம் பூசப்பெற்று, தொழிற்சாலை நாளன்று நின்ற கோலத்துக்கு அது மீட்கப்படும்போது, வன்னியில் வாழ்ந்த முப்பது நாற்பது ஆண்டு வாழ்வு அதிலிருந்து துடைக்கப்பட்டுவிடும். அழகுபடுத்தலே அழித்தலாக முடியும் இடம் இது.

ஆதலின் கழற்றுமுன் எழுதுதல் வேண்டும். ஊரில் எஞ்சியுள்ள ஒவ்வொரு பழைய வண்டிக்கும் இலக்கத் தகடு, இயந்திர எண், சட்ட எண், மாற்றிய உறுப்பு, மாற்றிய ஆண்டு, மாற்றியதன் காரணம் என்பவற்றை ஒரு பக்கத்திற் பதிதல் அரிய செயலன்று. மண்ணெண்ணெய்க்கெனச் செய்த உறுப்பைக் கழற்ற நேரின், எறியாது பெயரெழுதி வைத்தல் வேண்டும். கராஜ்காரர் தம் வாய்மொழியாற் கூறுவதைக் கேட்டெழுதுதலும் வேண்டும். இயந்திரவியல் கற்கும் மாணவர்க்கு அது பாடநூலில் இல்லாத பாடம்; வரலாறு கற்கும் மாணவர்க்கு வேறெங்கும் கிடையாத ஆவணம். உயர்தர வகுப்பு மாணவர் விடுமுறைக் காலத்தில் ஊருக்கொருவராக இப்பணியை மேற்கொள்ளின், ஓராண்டிற் பயன்மிக்க ஒரு பதிவேடு உருவாகும்.

507 இன் ஒவ்வொரு வண்டிக்கும் பிறந்த நாளும் கைமாறிய நாளும் குறித்த ஏடுகள் உள்ளன. அதன் விலையிற் பெரும்பகுதி அவ்வேட்டின் விலையே. வன்னியின் மைனருக்கும் சோமசெற்றுக்கும் சொல்லத்தக்க வாழ்வு அதனினும் மிகுதி. எழுதிய ஏடே இல்லை. அதனை எழுதவல்லோர் இன்னும் சிலர் உளர். எழுதும் காலம் குறுகி வருகின்றது.